நனைந்த தானியமும் நஞ்சேறிய பாலும்

மதீனத்துக் கடைவீதியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை மிம்பர்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு தானிய வியாபாரியின் குவியலருகே வந்து நின்றார்கள். மேலே பார்வைக்கு நன்கு காய்ந்த தானியம். தங்கள் திருக்கரத்தைக் குவியலுக்குள் செலுத்தினார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வினவியபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் தொகுப்பில் வந்துள்ள செய்தி இது.

இதைச் சொல்லும்போது மோசடி என்ற சொல்லோடு நின்றுவிடுவது நம் வழக்கம். பாலில் தண்ணீர், அரிசியில் கல், மிளகாய்த் தூளில் செங்கல் பொடி என்று நாலு உதாரணங்களைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்த வியாபாரி எதையும் கலக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அளவில் குறைத்ததாகவும் செய்தி இல்லை. மழை அவர் ஏவிப் பெய்ததும் அன்று. அவர் செய்தது ஒன்றே: ஈரத்தை அடியில் விட்டுவைத்தார். கலப்படத்தைப் பற்றியல்ல, அந்த ஈரத்தைப் பற்றியே இம்மாதம் பேச விரும்புகிறோம். அடியில் விடப்பட்ட ஈரம் தானியத்தை என்ன செய்கிறது என்பதை விஞ்ஞானிகள் துருவிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகு, குற்றம் யாருடையது என்னும் கேள்வி முன்போல் எளிதாக இல்லை.

1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வான்கோழிப் பண்ணைகளில் திடீரென்று சாவு விழுந்தது. சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் மாண்டன. கொள்ளைநோயோ என்று தேடினார்கள். கிருமி எதுவும் அகப்படவில்லை. காரணம் தெரியாததால் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றே அதற்குப் பெயரிட்டார்கள். கடைசியில் தேடல் தீவனத்துக்கு வந்து சேர்ந்தது. பிரேஸில் நாட்டிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கை அந்தக் குஞ்சுகள் தின்றிருந்தன. அதில் ஒரு பூசணம் வளர்ந்து நஞ்சைக் கக்கியிருந்தது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்பது அப்பூசணத்தின் பெயர். அப்பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து, அந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயர் வைத்தார்கள்.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடம் இந்தப் பூசணத்துக்கு உகந்த இடம். கடலை, மக்காச்சோளம், பருத்தி விதை, கொப்பரை, மிளகாய் வற்றல் ஆகியவை அதற்குப் பிடித்த இரை. அறுவடைக்கு முந்தைய வாரங்களில் மழையின்றி வாடும் கடலைச் செடியில் மண்ணுக்குள்ளேயே அது புகுந்துவிடும். பறித்த கடலை சரியாகக் காயாவிட்டால் சாக்குக்குள் பெருகும். பூசணத்தைத் தட்டி உதறிவிடலாம். அது விட்டுச்சென்ற நஞ்சை உதற முடியாது. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது, அடுப்புச் சூட்டிலும் முற்றிலும் அழியாது. அளவு மிகுந்தால் ஈரலைத் தாக்கி நாட்கணக்கில் கொல்லும். அளவு குறைந்து ஆண்டுக்கணக்கில் உடலில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதியானவற்றின் வரிசையில் 1987-இல் இதைச் சேர்த்துவிட்டது. ஹெப்படைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய்க்கிருமி உடலில் உள்ளவர்களுக்கு இந்த அபாயம் பன்மடங்கு என்றும் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

நம் நாட்டு வரலாற்றிலும் இதற்கு ஒரு பக்கம் உண்டு. 1974-ஆம் ஆண்டு பிற்பகுதியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் ஆகிய மாவட்டங்களில், பருவம் தவறிப் பெய்த மழையில் மக்காச்சோளம் நனைந்தது. நனைந்ததையே சேமித்து வைத்து உண்டவர்கள் ஏழை ஆதிவாசி மக்கள். முதலில் காமாலை, பிறகு வயிற்றில் நீர்கோத்தல், பிறகு மரணம். சுமார் 400 பேர் நோயுற்று 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களும் செத்தன. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்துத்தான், அது தொற்றுநோய் அல்ல, சோளத்திலிருந்த பூசண நஞ்சு என்று கண்டறிந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2004-இல் கென்யா நாட்டில் இதே மக்காச்சோளத்தால் 317 பேர் நோயுற்று 125 பேர் மாண்டார்கள்.

இவையெல்லாம் எங்கோ, பஞ்சம் பிழைத்த மக்களிடையே நடந்தவை என்று நினைப்பவர்களுக்கு நம் மாநிலத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, மறு ஆண்டு அக்டோபரில் முடிவுகளை வெளியிட்டது. உயிருக்குக் கேடான பொருளைக் கலந்த பால் எத்தனை தெரியுமா? பன்னிரண்டே மாதிரிகள். நம்மில் பலர் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. பால்காரர்களை வாய்க்கு வந்தபடி ஏசுபவர்கள் இந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அதே ஆய்வில், எவரும் கலக்காமலேயே பாலுக்குள் வந்திருந்த அஃப்ளாடாக்ஸின், அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்த மாதிரிகள் 368. மாநிலவாரியாகப் பார்த்தால் தமிழ்நாடுதான் முதலிடம்: 88 மாதிரிகள். கறந்த நிலையிலேயே விற்கும் பாலைவிடப் பதப்படுத்திப் பையில் அடைத்த பாலிலேயே இது அதிகம் என்பதும் அந்த அறிக்கை சொன்ன செய்தி.

கடலையில் வளர்ந்த நஞ்சு பாலுக்கு எப்படி வந்தது? பசுவின் வழியாகத்தான். பூசணம் பிடித்த புண்ணாக்கைப் பசு தின்றால், அதிலுள்ள நஞ்சை அதன் ஈரல் சற்று மாற்றியமைக்கிறது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு, நிறையக் கறக்கும் மாடுகளில் அதற்கு மேலும், மடிக்கு வந்துவிடுகிறது. காலையில் தின்றது மறுநாள் பாலில் தெரியும். அத்தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களில் பால் தெளிந்துவிடும். காய்ச்சுவதால் மட்டும் இது போகாது. நம் நாட்டுச் சட்டம் ஒரு கிலோ பாலில் அரை மைக்ரோகிராம் வரை பொறுத்துக்கொள்கிறது. அதாவது ஒரு கிராமை இருபது லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு. ஐரோப்பிய நாடுகள் அதிலும் பத்தில் ஒரு பங்கைத்தான் அனுமதிக்கின்றன. அமெரிக்காவின் அளவு நம்முடையதே. நாட்டுக்கு நாடு நஞ்சு வேறுபடுவதில்லை. எவ்வளவு எச்சரிக்கை வேண்டும், அந்த எச்சரிக்கைக்கு எவ்வளவு செலவிட முடியும் என்ற கணக்குத்தான் வேறுபடுகிறது.

பால் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் இரவு உலா. பாலில் தண்ணீர் ஊற்றும்படி தாய் சொல்ல, கலீஃபா தடை செய்திருக்கிறாரே என்று மகள் தயங்க, அவர் இப்போது பார்க்கவா போகிறார் என்று தாய் கேட்க, அவர் பாராவிட்டாலும் அவருடைய இறைவன் பார்க்கிறானே என்ற கருத்தில் அம்மகள் விடை சொன்னாள். அந்தப் பெண்ணைத் தம் மைந்தர் ஆஸிமுக்கு மணமுடித்து வைத்தார்கள் என்றும், அந்த வழியில் வந்தவரே உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) என்றும் வரலாறு கூறுகிறது. அருமையான வரலாறு. ஆயினும் இன்றைய பாலுக்கு முன் இதை வைத்துப் பார்க்கும்போது ஒரு திகைப்பு ஏற்படுகிறது. அந்த மகள் தன் கையை நிறுத்தினாள், பால் தூய்மையாயிற்று. இன்று எந்தக் கையை நிறுத்துவது?

உழவர் கடலையைப் பறித்த நாளில் மழை வந்தது. காயவைக்கக் களம் கிடைக்கவில்லை. கமிஷன் மண்டிக்காரர் வந்த மூட்டையை வந்தபடி கைமாற்றினார். பெரிய வியாபாரி நல்ல கொட்டைகளைப் பொறுக்கி ஏற்றுமதிக்கு அனுப்பினார். ஒரு குவியலில் இருக்கும் நஞ்சின் பெரும்பகுதி, சுருங்கியும் நிறம் மாறியும் இருக்கும் சில கொட்டைகளிலேயே தங்கியிருக்கும் என்பது ஆராய்ச்சியாளர் அறிந்த உண்மை. பொறுக்குவது அதனால்தான். ஐரோப்பாவுக்குப் போகும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த நஞ்சு இருக்கக் கூடாது. சரி, பொறுக்கிக் கழித்தது எங்கே போகிறது? எண்ணெய்க்குப் போகிறது. ஆட்டும்போது எண்ணெயில் சிறிதளவே இறங்கும். மிகப் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடும். புண்ணாக்கு மாட்டுக்கு, மாட்டின் பால் தொட்டில் பிள்ளைக்கு. எவரும் எதையும் கலக்கவில்லை. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டாத ஈரத்தை அடுத்தவரின் குவியலுக்கு அடியில் தள்ளினார்கள், அவ்வளவே.

(ஒரு சிறு விஷயம். செக்கெண்ணெய் என்றாலே சுத்தம் என்ற நம்பிக்கை இப்போது பரவியிருக்கிறது. செக்குக்குள் போகும் கடலை எவ்வளவு சுத்தமோ அவ்வளவே எண்ணெயும் சுத்தம். ஆலைகளில் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது இந்நஞ்சு நீங்கிவிடுகிறது; செக்கெண்ணெயில் அந்தப் படி இல்லை. ஆகவே செக்கு வைத்திருக்கும் சகோதரர்களுக்குப் பொறுப்பு கூடுதலே தவிரக் குறைவல்ல.)

விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலையை நம்பி வளர்ந்த ஊர். ஆலைச் சம்பளம் போதாத வீடுகளில் கொல்லையில் ஒன்றிரண்டு மாடுகள் நிற்பதை இன்றும் காணலாம். அப்படி இரண்டு மாடுகள் வைத்துப் பால் ஊற்றி, மகளைக் கல்லூரியில் படிக்கவைத்துக் கொண்டிருக்கும் ஒரு சகோதரர் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். பாலில் நச்சு என்ற செய்தி அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. “ஹஜ்ரத், நான் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றினதில்லை. நல்ல புண்ணாக்கு விலை கூடின நாளில் மலிவான மூட்டையைத்தான் வாங்கிப் போடுறேன். அதுல பூசணம் இருந்தா என் சம்பாத்தியம் ஹலாலா, ஹராமா?” என்று கேட்டார்.

கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அறியாமல் செய்ததற்குப் பாவம் உண்டா என்பது ஒன்று. அறியாமல் இருப்பதற்கு எதுவரை அனுமதி உண்டு என்பது மற்றொன்று. முதலாவதற்கு நம் பிக்ஹு நூல்கள் தெளிவாகவே விடை சொல்கின்றன. தூக்கத்தில் புரண்டு பக்கத்திலிருந்தவரின் பாத்திரத்தை ஒருவர் உடைத்துவிட்டால் அவர்மீது பாவம் இல்லை. ஆனால் பாத்திரத்தின் விலை அவர்மீது கடன். தவறுதலாகச் செய்தவரிடமிருந்து பாவம் நீங்கும், ளமான் என்னும் ஈட்டுப் பொறுப்பு நீங்காது. ஆகவே அந்தச் சகோதரர் இதுவரை அறியாமல் ஊற்றிய பாலுக்காக அவருடைய சம்பாத்தியத்தை ஹராம் என்று சொல்ல நமக்கு எந்த ஆதாரமும் இல்லை.

இரண்டாவதுதான் கடினம். அறியாமை என்னும் சலுகையை நம் இமாம்கள் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் ஒரு நிபந்தனை திரும்பத் திரும்ப வரும்: புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவராக இருக்க வேண்டும், அல்லது உலமாக்களை விட்டுத் தொலைவான இடத்தில் வளர்ந்தவராக இருக்க வேண்டும். பள்ளிவாசலுக்கு அடுத்த வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாது என்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. எவ்வளவு நுட்பமான நிபந்தனை! அறியாமையை அளக்க அவர்கள் எடுத்த கோல், அறிவு எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதே.

இக்கோலை எடுத்துப் புண்ணாக்கு விஷயத்தை அளந்து பார்க்கலாம். 1960-க்கு முன் இந்நஞ்சால் மாண்டவர்களுக்காக உலகில் எவரையும் குறை கூற முடியாது. 1974-இல் பான்ஸ்வாராவில் நனைந்த சோளத்தை மனைவி மக்களுக்கு இட்ட குடும்பத் தலைவரையும் குறை கூற முடியாது. நஞ்சைப் பற்றிய அறிவு அவரிடமிருந்து வெகு தொலைவில் இருந்தது, வேறு உணவும் அவர் வீட்டில் இல்லை. இன்று ஆயிரம் வீடுகளிலிருந்து பாலைத் திரட்டிப் பையில் அடைக்கும் நிறுவனம், மூட்டை மூட்டையாகத் தீவனம் தயாரிக்கும் ஆலை, கடலையை வகை பிரிக்கும் ஏற்றுமதியாளர் ஆகியோர் பள்ளிவாசலுக்கு அடுத்த வீட்டுக்காரர்கள். அவர்களிடம் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அல்லது ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப் பணம் இருக்கிறது. அவர்களில் எவராவது, சோதித்தால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் விற்க முடியாது, ஆதலால் சோதிக்காமலிருப்போம் என்று எண்ணினால் அவர் எந்த வகையைச் சேர்ந்தவர்? மதீனத்து வியாபாரி ஈரம் இருப்பதை அறிந்திருந்தார். கேட்டதும் ஒளிக்காமல் சொல்லியும் விட்டார். தம் குவியலுக்குள் தாமே கைவிட்டுப் பார்த்துவிடாமல் கவனமாக இருக்கும் வியாபாரியை அவரைவிட மேலானவர் என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

இதை அந்தச் சகோதரரிடம் சொன்னபோது அவர் சும்மா இருக்கவில்லை. “கையை விட்டுப் பார்க்க எனக்கு ஏது கை ஹஜ்ரத்? அந்தக் கை ஆய்வுக்கூடத்துல அல்லவா இருக்கு?” என்றார். நியாயமான கேள்வி. மைக்ரோகிராமை மூக்கால் முகர்ந்து அறிய முடியாது. சக்திக்கு மீறிய சுமையை அல்லாஹ் எவர்மீதும் சுமத்துவதில்லை என்பது திருமறையின் தெளிவான போதனை. ஆனால் சக்திக்குட்பட்டது என்று ஒன்று இருக்கிறதே. கறுத்து, கட்டி தட்டி, பச்சையும் மஞ்சளுமாகப் பொடி படிந்து, மக்கிய வாடை அடிக்கும் புண்ணாக்கை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. அது ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்று கடைக்காரரைக் கேட்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்கி, சுவரை விட்டு ஓரடி தள்ளி வைக்கவும், ஐப்பசி கார்த்திகை அடைமழை மாதங்களுக்கு மொத்தமாக வாங்கிக் குவிக்காமல் பத்து நாள் தேவைக்கு மட்டும் வாங்கவும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தனியொருவரால் ஆகாத சோதனை பத்துப் பேர் சேர்ந்தால் ஆகும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கு போய் ஆலோசனை கேட்பதற்கு நெல்லைக்குப் போகும் பஸ் கட்டணம்தான் செலவு.

நஞ்சு பூசணம் பிடித்த மூட்டையில் மட்டும்தான் இருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. கண்ணுக்கு நல்லதாகத் தெரிவதிலும் இருக்கலாம். அந்த மீதிக்கு அவர் பொறுப்பாளி அல்லர். அந்த மீதிக்குப் பொறுப்பாளிகள் எவர் என்பதற்கு ஒரு சஹாபியின் வரலாற்றில் வழி கிடைக்கிறது.

ஒருவர் ஒரு பெண் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹத்துக்கு விற்றார். அங்கே நின்றிருந்த வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் கவனிக்கவில்லை. வாங்கியவர் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு அவர்கள் பின்னால் ஓடிப் போய், இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காக வாங்கினீரா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றார் அவர். அதன் குளம்பில் ஓட்டை இருப்பதை நான் பார்த்திருக்கிறேன், தொடர்ந்து நடக்காது என்று உண்மையைச் சொன்னார்கள். வாங்கியவர் திரும்பி வந்து நூறு திர்ஹம் குறைத்துக்கொண்டார். விற்றவருக்கு வருத்தம்: என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே! ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபிகளாரிடம் உறுதி அளித்திருக்கிறோம் என்றும், குறையை அறிந்தவர் அதைச் சொல்லாமலிருப்பது கூடாதென்று அவர்களிடம் கேட்டிருக்கிறோம் என்றும் அந்தத் தோழர் பதிலளித்தார்கள்.

வாஸிலா (ரலி) அவர்கள் விற்றவரும் அல்லர், வாங்கியவரும் அல்லர். பக்கத்தில் நின்றவர். அறிந்தவர் என்ற ஒரே காரணத்தால் அவர்மீது கடமை வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள், உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள், கால்நடை மருத்துவர்கள், பத்திரிகை நடத்துபவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் நிற்கிறார்கள். 2019-இல் வெளியான அந்த அறிக்கை எத்தனை பால்மாட்டுக்காரர்களின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது? தலைப்புச் செய்தியாக இரண்டு நாள் ஓடியது. தீவனம் வாங்குபவரின் பின்னால் ஓடிப்போய்ச் சொன்னவர் எவர்? முற்காலத்தில் முஹ்தஸிப் என்னும் சந்தை அதிகாரிகள் இருந்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷாம் நாட்டவரான ஷைஸரீ அந்த அதிகாரிகளுக்காக எழுதிய கையேட்டில், ரொட்டி சுடுபவர் முதல் மருந்துச் சரக்கு விற்பவர் வரை ஒவ்வொரு தொழிலாரும் என்னென்ன தில்லுமுல்லுச் செய்வார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தனித்தனியே அத்தியாயங்கள் உண்டு. சந்தையைக் கண்காணிப்பது மார்க்கக் கடமையின் ஒரு கிளை என்று கருதியதால்தான் மார்க்க அறிஞர்கள் இதற்கெல்லாம் நூல் எழுதினார்கள்.

இன்று நம்மவர்களின் கவலை வேறாக இருக்கிறது. பிஸ்கட் பொட்டலத்தை வாங்கினால் அதில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறோம். கோழியை அறுத்தவர் யார் என்று விசாரிக்கிறோம். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் திருமறை, மனித குலம் முழுவதையும் விளித்து உண்ணச் சொல்லும் இடத்தில் ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே வைத்திருக்கிறது. உடலுக்கும் அறிவுக்கும் தீங்கு செய்யாதது என்று இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் அதற்கு விளக்கம் எழுதுகிறார்கள். முதற்சொல்லுக்கு மஸ்அலா கேட்க வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர் கூட இரண்டாம் சொல்லுக்குக் கேட்க வருவதில்லை. அந்த வகையில் மாட்டுக்காரச் சகோதரர் நமக்கு ஓர் ஆறுதல்.

தலைவிதிப்படி நடக்கும், பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதறிந்து ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் படையோடு வழியிலேயே திரும்பியதை அவர்களுக்கு நினைவூட்டினால் போதும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வீட்டுப் பெண்களிடமிருந்து வருகிறது. உணவை எறிவது வீண்விரயம் அல்லவா? ஒரு பருக்கை சிந்தினாலும் எடுத்து ஊதி வாயில் போட்ட உம்மாமார்களின் வளர்ப்பு நாம். பூசணம் பூத்த அரிசியைக் குப்பையில் கொட்ட அவர்களுக்குக் கை வராது. கழுவிக் காயவைப்பார்கள், அதற்கும் ஆகாவிட்டால் வாசலுக்கு வரும் ஏழைக்குக் கொடுப்பார்கள், அவரும் வேண்டாமென்றால் மாட்டுக்குப் போடுவார்கள். மூன்றும் நல்லெண்ணத்தில் பிறந்தவை. எனினும் கண்ணை மூடிக்கொண்டாலன்றித் தாம் வாங்கிக்கொள்ளாத மட்டமான பொருளைத் தர்மத்துக்கு ஒதுக்க வேண்டாமென்று அல்பகரா அத்தியாயம் தடுக்கிறது. மாட்டுக்குப் போடுவதோ, நாம் மேலே கண்டபடி, மறுநாள் காலையில் செம்பில் திரும்பி வருகிறது. மாடு வாயில்லா ஜீவன். அதன் ஈரலும் ஈரல்தான். நஞ்சானது உணவு என்ற பெயரை இழந்துவிட்டது. அதை எறிவதில் விரயம் இல்லை. காயவைக்காமல் ஈரத்தில் விட்டோமே, விரயம் அன்றே நடந்து முடிந்துவிட்டது.

தாமிரபரணிப் பாசனத்தில் கார் அறுப்பு முடியும் தறுவாயில் வடகிழக்கு மழை வந்துவிடும். ஈர நெல்லைச் சாலையில் பரப்பிக் காயவைக்க விவசாயிகள் படும் பாடு நாம் அறிந்ததே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள்; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆற்றங்கரை ஊர்களின் வீடுகளிலும் கடைகளிலும் வெள்ளம் புகுந்தது. அப்படி மூழ்கிய மூட்டை ஒன்றை என்ன செய்வது என்பதற்கு ஷரீஅத்தில் விடை தேட வேண்டியதே இல்லை. நனைந்ததை மேலே வை என்ற விடை தயாராக இருக்கிறது. மேலே வைத்தால் எவரும் வாங்க மாட்டார்கள் என்பதுதான் கஷ்டம்.

அந்தச் சகோதரரிடம் இன்னும் இரண்டு மூட்டைப் புண்ணாக்கு மீதமிருந்தது. பிரித்துப் பார்த்ததில் ஒன்றில் பூசணம் தெரிந்தது. சரக்கில் குறை இருந்து, அது விற்பனைக்கு முன்பிருந்தே உள்ளதென்றால், திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. குறை தெரிந்த பின்பும் அதைப் பயன்படுத்திக்கொண்டு போனால் அவ்வுரிமை விழுந்துவிடும். ஆகவே அந்த மூட்டையை இன்றே கடைக்குக் கொண்டு போகலாம். ஆனால் கடைக்காரர் அதை வாங்கி வைத்து, நாளை வேறொரு மாட்டுக்காரருக்கு விற்றுவிட்டால்? ஆலைக்குத் திருப்பினாலும், ஆலை அதை அரைத்து நல்ல தீவனத்தோடு கலந்துவிட்டால்? நஞ்சு எங்காவது ஒருவரிடம் நின்றாக வேண்டும். நிறுத்துபவருக்கு நட்டம் உண்டு. அந்த நட்டம் எப்போதும் கடைசியில் இருக்கும் ஏழையின் தலையிலேயே விழும்படி இருந்தால் எவரும் நிறுத்த மாட்டார்கள்.

நம் ஜமாஅத்துகளில் பைத்துல்மால் இருக்கிறது. கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் அதிலிருந்து கொடுக்கிறோம். பூசணம் பிடித்த மூட்டையைக் குழி தோண்டிப் புதைத்தேன் என்று ஒருவர் வந்து சொன்னால், இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு அந்த மூட்டையின் விலையை வட்டியில்லாக் கடனாகக் கொடுப்பதற்கு நிர்வாகிகள் முன்வர வேண்டும். ஒரு மூட்டைப் புண்ணாக்கின் விலை நாம் மீலாது மேடைக்குப் போடும் பந்தல் செலவில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அடுத்த மாதம் நடக்கும் ஜமாஅத் கூட்டத்தில் இதை எடுத்து வைப்பதாக அந்தச் சகோதரரிடம் சொல்லியிருக்கிறோம்.